சிக்ஸ்டி-கே அட்டைல ஒரு தேதி எழுதிக் குடுங்ணா: கொங்கு நாட்டு மெடிக்கல் ஷாப்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோயமுத்தூரு, திருப்பூரு, ஈரோடு, நாமக்கல், கரூரு, இந்தப்பக்கம் பொள்ளாச்சி தாராபுரம் வரைக்கும் மெடிக்கல் ஷாப் வச்சிருக்கற அண்ணாங்க அக்காங்க எல்லாருத்துக்கும் வணக்கமுங்க. கவுண்டர்ல நின்னு அட்டைய வெட்டிக் குடுக்கற தம்பி தங்கச்சிங்களுக்கும் சேத்துத்தான் எழுதறேன், லைசென்ஸ் ஆரு பேர்ல இருந்தாலும் வர்றவங்க மொகத்தப் பாக்கறது நீங்கதான.

கேக்கறது ஒன்னே ஒன்னுதானுங்க. வைட்டமின் டி அறுபதாயிரம் யூனிட், நம்மூர்ல எல்லாரும் சிக்ஸ்டி-கேன்னு கேட்டு வாங்கறாங்களே அந்த மாத்திரை, அதக் குடுக்கறப்ப கவர் மேல "வாரம் ஒன்னு, இன்ன தேதியோட நிறுத்திக்கோணும்"னு பேனாவுல எழுதிக் குடுங்க. வாரம் ஒன்னுன்னு இப்பவே நெறைய பேரு வாயில சொல்றீங்க, இல்லீங்கல. ஆனா எப்ப நிறுத்தறதுன்னு ஒருத்தரும் சொல்றதில்ல, எழுதறதும் இல்ல. அந்தத் தேதி இல்லாததுனால என்னென்ன ஆகுதுன்னு தெரிஞ்சுதான் இத எழுதறேன்.

நான் ஈரோட்டுப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல டெக்னீசியனா இருக்கறேன். டாக்டர் கெடையாது. ஆனா மெஷின்ல இருந்து வர்ற நம்பரு மொதல்ல என்ற கண்ணுலதான் படும். முன்னயெல்லாம் வைட்டமின் டி ரிப்போர்ட்டுன்னா கம்மியா இருக்குன்னு செவப்புல வர்றதுதான் வழக்கம், பன்னண்டு, பதினாலு, பதினேழு, இப்பிடி. இப்ப அதுக்கு நடுநடுவுல நூத்திப்பத்து, நூத்தி முப்பதுன்னு வருதுங்க, சில சமயம் மெஷினு அளக்கற எல்லையையே தாண்டிப்போட்டு "150க்கு மேல"ன்னு வந்து நிக்குது. பொதுவா இருவதுக்குக் கீழ போனா கொறைபாடுன்னு சொல்லுவாங்க, நூத்தம்பதத் தாண்டுனா நஞ்சாகிற எடம்னு புஸ்தகத்துல போட்டிருக்கும். அந்த நம்பரு வெயில்ல நின்னு வராது, மீனு தின்னு வராது, எவ்வளவு வெயில் காஞ்சாலும் தோலே ஒரு அளவுக்கு மேல டி செய்யாம நிறுத்திக்கும். மாத்திரையோ ஊசியோ போட்டாத்தான் அங்க போக முடியும்.

இதுல எங்க தொழிலுக்கும் பங்கு இருக்குதுங்க, அத மறைக்கல. பஸ் ஸ்டாண்டுல இருந்து கோயில் வாசல் வரைக்கும் ஃபுல் பாடி செக்கப் ஆஃபர்னு பிளெக்ஸ் கட்டி வச்சிருக்கறாங்க, அதுல வைட்டமின் டி, பி12 எல்லாம் சேத்துத்தான் பேக்கேஜு. ஒடம்புல ஒரு தொந்தரவும் இல்லாதவங்களும் எடுத்துப் பாக்கறாங்க, செவப்புல ஒரு வரி வந்திருது, உடனே பயந்துக்கறாங்க, டாக்டருகிட்டப் போனா ஃபீஸு, காத்திருக்கோணும், அதனால ரிப்போர்ட்ட மடிச்சுப் பாக்கெட்ல வச்சுட்டு நேரா உங்க கடைக்குத்தான் வர்றாங்க. நீங்களும் பாத்துட்டு ஒரு அட்டை எடுத்துக் குடுக்கறீங்க. அட்டைல பெரும்பாலும் நாலு மாத்திரை, நாலு வாரம். தீந்ததும் அடுத்தது. அந்தக் காலி அட்டையவே கொண்டுவந்து "இதே குடுங்க"ன்னு நீட்டுவாங்க பாருங்க, அங்கதாங்க வெனையே ஆரம்பிக்குது.

கொறைபாடே பொய்யின்னு சொல்ல வர்ல. நம்மூர்ல நெசமாவே நெறைய பேருக்கு டி கம்மி. பனியன் கம்பெனில காலைல எட்டரைக்கு உள்ள போனா ராத்திரிதான் வெளிய வர்றாங்க, ஸ்பின்னிங் மில்லுல நைட் ஷிஃப்ட் பாத்துட்டுப் பகல்ல கதவச் சாத்தித் தூங்கறவங்க இருக்கறாங்க, சரவணம்பட்டி பக்கம் ஐடி புள்ளைங்க ஏசி ரூம்ல கண்ணாடிக்குள்ள. கண்ணாடி வழியா வர்ற வெயில்ல டி செய்யற கதிர் உள்ள வராதுங்க. கோயமுத்தூரு ரேஸ்கோர்ஸ்ல விடியக்காலம் அஞ்சரைக்கு நடந்துபோட்டு "நானெல்லாம் தினமும் வெயில்ல இருக்கறனாக்கும்"பாங்க, அந்த நேரத்து எளவெயில்ல அந்தக் கதிர் இருக்கவே இருக்காது, பத்து மணிக்கு மேல மூணு மணிக்குள்ளாரதான் அது நல்லா எறங்கும், நம்மாளு அந்நேரத்துக்குக் கொடை புடிச்சுக்குவாரு. அதனால டாக்டர் பாத்து எட்டு வாரம் வாரம் ஒன்னு போடச் சொல்றதுல தப்பே இல்ல. எலும்பு மெதுவாகி இடுப்பு வலில எந்திரிக்கவே முடியாம இருந்தவங்க அதுல நல்லா ஆயிருக்கறாங்க. எட்டு வாரத்துக்குன்னு குடுத்தத எண்பது வாரம் போடறதுதான் வம்பு.

கணக்கு ஒருக்காப் பாருங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய டி 600 யூனிட்டுன்னு நம்ம இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020ல போட்ட அட்டவணைலயே இருக்குது. அப்ப ஒரே ஒரு சிக்ஸ்டி-கேங்கறது நூறு நாள் தேவை. டாக்டர் பார்வை இல்லாம நாமளே போட்டுக்கற மாத்திரைக்கு ஒரு நாளைக்கு 4,000 யூனிட்டுக்கு மேல போகக்கூடாதுங்கறது உச்ச வரம்பு, அந்தக் கணக்குல பாத்தாலும் ஒரு மாத்திரை பதினஞ்சு நாளுக்கு ஆகும். வாரம் ஒன்னுன்னு வருசக்கணக்காப் போட்டா தெனம் எட்டாயிரத்தி ஐநூறுக்கு மேல, வரம்புக்கு ரெண்டு மடங்கு. வாரம் ஒன்ன தெனம் ஒன்னுன்னு புரிஞ்சுக்கிட்டாங்கன்னா மாசத்துக்குப் பதினெட்டு லட்சம் யூனிட்டு. எட்டு வார கோர்ஸ் மொத்தமே நாலு லட்சத்தி எண்பதாயிரந்தானுங்க.

தெனம் ஒன்னா எவனாச்சும் போடுவானான்னு கேக்காதீங்க. வெள்ளகோயில் பக்கம் ஒரு அம்மா, அறுவத்தஞ்சு வயசு இருக்கும், முட்டி வலி. எங்கியோ காட்டி சிக்ஸ்டி-கே எழுதி வாங்கியிருக்கறாங்க, எட்டு வாரம் போட்டாங்க, கொஞ்சம் தேவலைன்னு பட்டிருக்குது, அப்பறமேட்டுக்கு மகன் டவுனுக்குப் போறப்பெல்லாம் ரெண்டு அட்டை மூணு அட்டைன்னு வாங்கிக் குடுத்திருக்கறாரு. பிபி மாத்திரை, சக்கரை மாத்திரை எல்லாம் தெனமும் போடறதுதான, அதே டப்பாவுல இதையும் போட்டு வச்சதுல இதுவும் தெனமும் உள்ள போயிருக்குது. ஒரு ரெண்டு மாசம் கழிச்சுப் பசி இல்ல, வாந்தி, மலச்சிக்கல், ராத்திரியெல்லாம் தண்ணி குடிக்கறாங்க, ஒன்னுக்குப் போறாங்க. சக்கரை ஏறிருச்சுன்னு அதுக்கு மாத்திரைய எச்சாக்கிப் பாத்திருக்கறாங்க. பொறவு பேச்சு கொளற ஆரம்பிச்சுருச்சு, மகனையே ஆருன்னு கேட்டாங்களாம், வயசாயிருச்சு மறதி நோயின்னு ஊட்ல முடிவே பண்ணிட்டாங்க. ரத்தம் எங்ககிட்ட வந்தப்ப கால்சியம் பதிமூணுக்கு மேல, எட்டரைல இருந்து பத்தரை வரைக்கும்தான் இருக்கோணும். கிட்னி எப்பிடி வேல செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் ஏறிக் கெடக்குது. அந்த ஆஸ்பத்திரி டாக்டர் கேட்ட மொதக் கேள்வியே "என்ன சத்து மாத்திரை போடறீங்க"தானாம். பொழச்சுட்டாங்க, நெனவு தெளிஞ்சுருச்சு, கிட்னி முச்சூடும் பழையபடி திரும்பல.

கால்சியம் எதுக்கு ஏறுதுன்னா, டியோட வேலையே கொடல்ல இருந்து கால்சியத்த உறிஞ்சி ரத்தத்துல விடறதுதான். டி எச்சாப் போனா அந்த உறிஞ்சல் நிக்காது, எலும்புல இருந்தும் கால்சியத்த எடுத்து ரத்தத்துல தள்ளும், எலும்பு பலத்துக்குன்னு போட்ட மாத்திரை எலும்புலயே கைய வச்சிரும். ரத்தத்துல கால்சியம் மிஞ்சுனா கிட்னியால தண்ணியப் புடிச்சு வைக்க முடியாது, ஒன்னுக்கு நெறையப் போகும், ஒடம்பு வறண்டு போகும், வறண்டு போகப் போகக் கால்சியம் இன்னும் கெட்டியாகும், கிட்னிலயே போய்ப் படியும், கல்லாகும். இந்தப்பக்கம் ஆருக்குக் கல்லு வந்தாலும் போர் தண்ணியத்தான் திட்டுவோம், மாத்திரை டப்பாவ ஒருத்தரும் தொறந்து பாக்கறதில்ல. இன்னொன்னு, சி மாதிரி இது ஒன்னுக்குல போயிர்ற வைட்டமின் இல்லீங்க, கொழுப்புல போய்த் தங்கும், பத்தாயத்துல கொட்டுன நெல்லாட்டக் கெடக்கும். மாத்திரைய நிறுத்துன மக்யாநாளே செரியாகாது, வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குல அது கொஞ்சங்கொஞ்சமா வெளிய வந்துட்டே இருக்கும், அதுவரைக்கும் ட்ரிப்ஸு, ஸ்டீராய்டு, திரும்பத் திரும்ப ரத்தம் குடுக்கறதுன்னு அலையோணும்.

மாத்திரையாச்சும் பரவால்ல, ஆறு லட்சம் யூனிட் ஊசி ஒன்னு இருக்குதுல்லீங்க, ஒரே குத்துல. அதையும் சில பேரு வாங்கிட்டுப் போய் கம்பவுண்டரம்மாகிட்டப் போட்டுக்கறாங்க, முட்டி வலி போகலன்னா அடுத்த மாசம் இன்னொன்னு. ஸ்ரீநகர்ல ஷேர்-இ-காஷ்மீர் இன்ஸ்டிட்யூட் டாக்டருங்க 2011லயே இதப்பத்தி எழுதி வச்சிருக்கறாங்க, டி கொறைபாடு நெறஞ்ச ஊர்லயே டி நஞ்சாகி வாந்தியும் புத்தித் தடுமாத்தமும் கிட்னிக் கோளாறுமா வந்து படுத்தவங்களப்பத்தி. ஆஸ்திரேலியால எழுவது வயசு தாண்டுன 2,256 பொம்பளைங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணுனாங்க, 2010ல முடிவு வந்துச்சு. பாதிப் பேருக்கு வருசத்துக்கு ஒருக்கா அஞ்சு லட்சம் யூனிட்டு, பாதிப் பேருக்கு வெறும் டம்மி மாத்திரை. கீழ விழுந்து எலும்பு ஒடையறது கொறையும்னுதான் நெனச்சாங்க. அஞ்சு லட்சம் போட்டவங்கதான் எச்சா விழுந்தாங்க, 15 சதவீதம், எலும்பு முறிவும் 26 சதவீதம் எச்சு. மொத்தமா ஒரே தடவைல கொட்டறது ஒடம்புக்கு ஆகலன்னுதான் அர்த்தம்.

செரி, சின்ன டோஸு தெனம் போட்டா கேன்சர் வராது ஹார்ட் அட்டாக் வராதுன்னு வாட்ஸப்புல வருதேன்னா, அமெரிக்கால 25,871 பேரு கிட்டத்தட்ட அஞ்சு வருசம் 2,000 யூனிட் டியோ டம்மியோ தெனமும் போட்டுப் பாத்தாச்சு. 2018ல ரிசல்ட் வந்துச்சு, கேன்சரும் கொறையல, ஹார்ட் அட்டாக்கும் கொறையல. 2022ல எலும்பு முறிவுக் கணக்கும் வந்துச்சு, அதுவும் கொறையல. கொறைபாடு இருக்கறவனுக்கு அது மருந்து, இல்லாதவனுக்குச் செலவு, அவ்வளவுதாங்க.

ஒரு விசயம் உங்களுக்கு என்னய விட நல்லாத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்லிப்போடறேன். பிபிக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் கலந்த மாத்திரை போடறவங்க நம்ம ஊர்ல நெறைய. அது கால்சியம் ஒன்னுக்குல போறதக் கொறைக்கும். அது மேல சிக்ஸ்டி-கேவும், கூடவே தெனம் ரெண்டு கால்சியம் மாத்திரையும் சேந்துச்சுன்னா மூணும் ஒரே பக்கம் இழுக்கும். டிகாக்சின் போடற ஹார்ட் பேஷண்டுக்குக் கால்சியம் ஏறுனா இதயத் துடிப்பே தடுமாறும். கிட்னி வீக்கா இருக்கறவங்க, ஏற்கெனவே கல்லு எடுத்தவங்க, டிபி இருக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் டாக்டர் கேக்காம டி குடுக்கவே கூடாது. இதெல்லாம் டி.பார்ம், பி.பார்ம் பாடத்துலயே படிச்சதுதான, எட்டு மணிக்கு மேல கூட்டம் அலமோதறப்ப நெனப்புல இருக்குதாங்கறதுதான் கேள்வி.

டிய விட்டுட்டு மத்ததுக்கு வாறேன், அதுலயும் சேதி இருக்குது.

"பி வைட்டமின் எவ்வளவு தின்னாலும் ஒன்னுக்குல போயிரும்ணா, ஒன்னும் ஆகாது"ன்னு கவுண்டர்ல சொல்றதக் காதால கேட்டிருக்கறேன். பி6 விசயத்துல அது செல்லாதுங்க. தெனம் ரெண்டு மில்லிகிராம் இருந்தாலே பெரும்பாலானவங்களுக்குப் போதும். நூறு மில்லிகிராம் மாத்திரையும் கடைல இருக்குது. கை கால் மரத்துப் போகுது, பாதம் எரியுதுன்னு சக்கரைக்காரங்க வந்து கேட்டா நரம்பு மாத்திரைன்னு எடுத்துக் குடுக்கறதுல பி6 இருக்கும், ஊட்ல பசங்க ஆன்லைன்ல வாங்குன மல்டிவைட்டமின்லயும் இருக்கும், ப்ரோட்டீன் பவுடர்லயும் கலந்திருக்கும், ஆரும் கூட்டிப் பாக்கறதில்ல. பி6 மாசக்கணக்கா எச்சாப் போனா அதுவே நரம்பக் கெடுத்துக் கை கால் மரத்துப் போக வைக்கும். 1983லயே அமெரிக்கால ஏழு பேரப் பத்தி எழுதுனாங்க, தெனம் கிராம் கணக்குல போட்டு நடக்கவே தடுமாறுனவங்க. அதுக்கப்பறம் அதவிட நெம்பக் கம்மியான டோஸ்லயும் வருதுன்னு தெரிஞ்சு ஐரோப்பால 2023ல பெரியவங்களுக்கு உச்ச வரம்ப நாளைக்கு 12 மில்லிகிராமுக்குக் கொறச்சுட்டாங்க. இதுல கொடுமை என்னன்னா, எந்தத் தொந்தரவுக்கு மாத்திரை போடறாங்களோ அதே தொந்தரவ மாத்திரையே உண்டாக்குது, அவுங்க சீக்கு முத்திப்போச்சுன்னு நெனச்சு இன்னொரு அட்டை வாங்கறாங்க. டிபிக்கு ஐசோநியசிடு போடறவங்களுக்கு டாக்டரே கொஞ்சூண்டு பி6 சேத்துக் குடுப்பாரு, அது தேவையானது, அத நிறுத்தச் சொல்லிராதீங்க. மெட்ஃபார்மின் வருசக்கணக்கா போடறவங்களுக்கு பி12 கொறையறதும் நெசந்தான், அதையும் டெஸ்ட் பண்ணிப் பாத்துக் குடுக்கலாம்.

அப்பறம் முடி கொட்டுதுன்னு பயோட்டின்ங்கற பி வைட்டமின். இது எங்க லேப்புக்கே வெக்கற ஆப்பு. ஒடம்புக்கு வேண்டியது நாளைக்கு 30 மைக்ரோகிராம் சொச்சம், கடைல விக்கறது பத்து மில்லிகிராம், அதாவது பத்தாயிரம் மைக்ரோகிராம், முந்நூறு மடங்குக்கு மேல. இதுல ஒடம்புக்குன்னு பெருசா நஞ்சு ஒன்னும் கெடையாது, ஆனா நெறைய மெஷின்கள்ல டெஸ்ட்டுக்குள்ளயே பயோட்டின் ஒரு சேர்மானம், ரத்தத்துல அது மெதந்துட்டு இருந்தா ரிசல்ட் பொரண்டு போயிரும். தைராய்டு நல்லா இருக்கற புள்ளைக்கு தைராய்டு டெஸ்ட்டுல டிஎஸ்எச் கொறஞ்சு, டி4ங்கற தைராய்டு ஹார்மோன் ஏறி, தைராய்டு எச்சாச் சொரக்குதுன்னு ரிப்போர்ட் வரும், அத நம்பி மாத்திரை ஆரம்பிச்சவங்களும் உண்டு. இதவிட மோசம் ட்ரோபோனின், ஹார்ட் அட்டாக்கானு பாக்கற டெஸ்ட்டு, அது நெசமா ஏறியிருந்தாலும் கம்மியாக் காட்டிரும். அமெரிக்கால மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017ல இதுக்குன்னே எச்சரிக்கை விட்டுச்சு, அப்பிடித் தப்பாக் கம்மியாக் காட்டுனதுல ஒருத்தர் செத்தே போனத அதுலயே சொல்லியிருந்தாங்க. நாங்க ரத்தம் எடுக்கறப்ப "மாத்திரை ஏதாச்சும் போடறீங்களா"ன்னு கேட்டா பிபி, சக்கரைன்னு சொல்லுவாங்க, முடி மாத்திரைய ஒருத்தரும் மாத்திரைக் கணக்குலயே சேக்கறதில்ல. பயோட்டின் விக்கறப்ப "ரத்தம் குடுக்கறதுக்கு மூணு நாளைக்கு முன்னாடியே நிறுத்திக்கோங்க, லேப்ல சொல்லிருங்க"ன்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா உங்களக் கும்புடுவேன்.

வைட்டமின் ஏ, இது மாசமா இருக்கற புள்ளைங்க விசயம். ரெட்டினால் வடிவத்துல நாளைக்குப் பத்தாயிரம் யூனிட்டுக்கு மேல போனா வயித்துல இருக்கற கொழந்தைக்கு ஊனம் வர்ற ஆபத்து எச்சுன்னு 1995லயே வந்த ஆராய்ச்சி. மீன் எண்ணெய் மாத்திரைன்னு கேட்டு மீன் ஈரல் எண்ணெய் மாத்திரைய வாங்கிட்டுப் போறாங்க, ரெண்டும் வேற வேற, ஈரல் எண்ணெய்ல ஏவும் டியும் இருக்குது. டாக்டர் குடுத்த இரும்பு, ஃபோலிக் ஆசிடு தவர வேற சத்து மாத்திரை மாமியார் வாங்கிட்டு வரச் சொன்னாலும் சரி அம்மா சொன்னாலும் சரி, ஒருக்காக் கேட்டுட்டுக் குடுங்க. முருங்கைக்கீரை, பப்பாளில இருக்கற ஏ சத்து வேற மாதிரி, ஒடம்பு வேண்டியதத்தான் மாத்திக்கும், அதுக்குப் பயப்பட வேண்டாம்.

ஆன்டி-ஆக்சிடன்ட்னு ஒரு வார்த்தைய வச்சு வியாபாரம் நடக்குதுல்ல, அதுக்கும் பெரிய ஆராய்ச்சிங்க இருக்குது. பின்லாந்துல சிகரெட் புடிக்கற 29,133 ஆம்பளைங்கள வச்சுப் பாத்தாங்க, கேன்சர் வராம இருக்கட்டும்னு அதுல பாதிப் பேருக்கு பீட்டா கரோட்டின்ங்கற ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரை குடுத்தாங்க, 1994ல பாத்தா மாத்திரை போட்டவங்களுக்கு நுரையீரல் கேன்சர் 18 சதவீதம் எச்சு. அமெரிக்கால இதே மாதிரி ஒன்னு 1996ல பாதியிலயே நிறுத்தற நெலமைக்குப் போச்சு, அங்க 28 சதவீதம். வைட்டமின் ஈ 400 யூனிட்டு தெனம் போட்டவங்களுக்கு ப்ராஸ்டேட் கேன்சர் 17 சதவீதம் எச்சுன்னு 2011ல வந்துச்சு. வாயில சிகரெட் நாத்தத்தோட வந்து "கேன்சர் வராம ஏதாச்சும் சத்து மாத்திரை குடுங்ணா"ன்னு கேக்கறவருக்கு என்ன சொல்லலாம்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. சி மாத்திரையும் கொரோனா டைம்ல இருந்து மிட்டாயாட்டச் சப்பிட்டே இருக்கறாங்க, சுவீடன்ல ஆம்பளைங்களப் பாத்த ஆராய்ச்சில சி மாத்திரை போடறவங்களுக்குக் கிட்னிக் கல்லு சுமார் ரெண்டு மடங்கு வந்திருக்குது. இது நெல்லிக்கா தின்னவங்களப் பத்துன கணக்கு இல்ல, மாத்திரை போட்டவங்களப் பத்துனது.

கல்யாண மண்டபத்துல மீட்டிங் போட்டு டப்பா டப்பாவா சத்துப் பவுடர் விக்கறவங்களப் பத்தியும் எழுதலாம்தான், ஒரம்பரைக்குப் போன எடத்துலயே பேக்கத் தொறக்கறாங்க, அத்தையும் மாமனும் டீலர் ஆயிட்டா வேண்டாம்னு சொல்லவும் முடியறதில்ல. ஆனா அவங்ககிட்ட பார்மசிஸ்ட் சர்டிபிகேட் கெடையாது, டப்பாவுலயே மருந்தா பயன்படுத்தறதுக்கு இல்லன்னு இங்கிலீசுல போட்டிருக்குது, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ சட்டப்படி போட்டே ஆகோணும், அதப் படிச்சுக் காட்டிட்டு "அப்பறம் எதுக்குங்க்கா சக்கரை கொறையும்னு சொல்றீங்க"ன்னு கேட்டாப் போதும். நான் உங்ககிட்டக் கேக்கறது உங்களுக்குப் படிப்பு இருக்கறதுனால. 2015ல வந்த பார்மசி பிராக்டிஸ் விதிலயே மருந்தக் குடுக்கறப்ப எப்பிடிப் போடறது, எதோட சேரக்கூடாதுன்னு பேஷண்டுக்கு எடுத்துச் சொல்றது பார்மசிஸ்ட் வேலைன்னு இருக்குதுல்லீங்க.

நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரியும். நான் எழுதிக் குடுத்தா பக்கத்துக் கடைல எழுதாம குடுப்பான், கஸ்டமர் அங்க போயிருவான்னு. போக மாட்டாங்கங்க, தேதி எழுதறது மருந்து இல்லன்னு சொல்றது இல்லையே, குடுத்துட்டுத்தான எழுதறீங்க. பத்து நிமிசத்துல ஊட்டுக்கே கொண்டாந்து குடுக்கற மொபைல் ஆப்பு வந்திருச்சு, நீங்க மட்டும் கேள்வி கேட்டா எப்பிடின்னும் கேப்பீங்க. ஏனுங்ணா, ஆப்புக்காரனுக்கு அந்த அம்மா பிபி மாத்திரை என்ன போடறாங்கன்னு தெரியுமா, உங்களுக்குத்தான் மாசாமாசம் தெரியுது. அதத்தவர உங்ககிட்ட அவனுக்கு மேல என்ன இருக்குது, டிஸ்கவுண்டா, அதுலயும் அவந்தான் முந்திக்கறான். டாக்டர் சீட்டுலயே எத்தன வாரம்னு எழுதலன்னா நாங்க என்ன பண்றதுன்னு ஒரு அண்ணா கேட்டாரு, அது நியாயமான கேள்வி. போன் பண்ணிக் கேளுங்க, கெடைக்கலன்னா ஒரே அட்டையோட, நாலு வாரத்தோட தேதி போட்டு, "இது தீந்ததும் டாக்டரப் பாத்துட்டு வாங்க"ன்னு எழுதிக் குடுங்க. டாக்டருங்களும் சீட்டுல வாரக்கணக்க எழுதுனா நல்லாருக்கும், அவுங்களுக்கு வேற ஒரு மடல் எழுதோணும்.

பேனால எழுதக் கை வலிக்குதுன்னா ரப்பர் ஸ்டாம்பு அடிச்சுக்கலாம். "வாரம் ஒரு நாள் மட்டும். கிழமை:     . கடைசி மாத்திரை:     தேதி. அதுக்கு மேல டாக்டரக் கேக்காம போடக்கூடாது." தமிழ்ல, பெரிய எழுத்துல, கண்ணாடி இல்லாமயே படிக்கற மாதிரி. கெழமையும் எழுதிப்போடுங்க, ஞாயித்துக்கெழமைன்னு இருந்தா பாட்டிக்கே நெனப்பு வந்திரும், தெனம் போடற டப்பாவுக்குள்ள அது போகாது. மறுக்கா காலி அட்டையோட வர்றவங்ககிட்ட "போன அட்டை எப்ப முடிஞ்சுது, இது எத்தனாவது அட்டை"ன்னு கேட்டுட்டுக் குடுங்க. மூணாவது அட்டைன்னா அங்கயே நிறுத்துங்க.

கடைசியா ஒன்னு. வாந்திக்கு ஒரு மாத்திரை, மலச்சிக்கலுக்கு ஒரு மருந்துன்னு வயசானவங்களுக்காக ரெண்டும் சேத்து ஆராச்சும் கேட்டா, தண்ணியும் நெறையக் குடிக்கறாங்களான்னு விசாரிங்க, சிக்ஸ்டி-கேவோ டி ஊசியோ போட்டாங்களான்னும் கேளுங்க. ஆமான்னு சொன்னா அந்த ரெண்டு மருந்தையும் கட்டிக் குடுத்து அனுப்பிராதீங்க, டி, கால்சியம் ரெண்டு மாத்திரையும் நிறுத்தச் சொல்லிட்டு அன்னைக்கே டாக்டரப் பாத்து கால்சியமும் கிரியாட்டினினும் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. எங்க லேப்புக்கே வரோணும்னு இல்லீங்க, பக்கத்துல இருக்கற ஜிஎச்சுக்குப் போனாலும் செரிதான்.

இப்படிக்கு,
ஈரோட்டுப் பக்கத்துல இருந்து ஒரு லேப் டெக்னீசியன்